குவார்க் விண்மீனுக்கு எந்த ஈர்ப்பு? விளிம்பைப் பாருங்கள்

மதுரையில் எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்ட்டுக்குக் குவார்க் விண்மீனை (புரோட்டான், நியூட்ரான்களும் உடைந்து குவார்க்குகளாகவே இருப்பதாகக் கருதப்படும் அடர்ந்த விண்மீன்) எடுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்த ஈர்ப்புக் கோட்பாட்டில் கணக்குப் போடுவது என்பதை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், அதை மாற்றி எழுதும் எஃப்(ஆர், டி), ஆர்-ஸ்கொயர் மூன்றும் கைக்கு எட்டுபவை. இவற்றில் ஆர் என்பது வெளி-கால வளைவைக் குறிக்கும் எண்; டி என்பது பொருளின் அடர்த்தியும் அழுத்தமும் சேர்ந்த எண். உச்ச நிறை எவ்வளவு வருகிறது என்று பார்த்து இவற்றை எடைபோடுவது வழக்கம். நான் விண்மீனின் விளிம்பைப் பார்க்கச் சொல்வேன்.

குவார்க்குகளை ஒரு பைக்குள் அடைத்ததாகக் கொள்ளும் எம்.ஐ.டி. பேக் மாடலில், அழுத்தம் சுழியாகும் மேற்பரப்பிலும் அடர்த்தி பேக் மாறிலியின் (பைக்கே உரிய ஆற்றல் அடர்த்தி) நான்கு மடங்கு. அணுக்கருவின் அடர்த்தியைவிட அது அதிகம். அதைத் தாண்டினால் சட்டென்று வெற்றிடம்.

பொதுச் சார்பியலுக்கு இது சிக்கலே இல்லை. விண்மீனுக்குள் அழுத்தம் எப்படிக் குறைகிறது என்று சொல்லும், 1939இல் வந்த டி.ஓ.வி. சமன்பாட்டை அழுத்தம் சுழியாகும்வரை ஓட்டினால் போதும். பேக் மாறிலி கன ஃபெர்மிக்கு 57 எம்.இ.வி. என்றால் உச்ச நிறை சுமார் 2 சூரியன், ஆரம் ஏறக்குறைய 11 கி.மீ. மீனாட்சியம்மன் கோயிலுக்கும் அழகர்கோயிலுக்கும் இடைப்பட்ட தூரத்துக்குள் இரண்டு சூரியன்கள்! ஆனால் பி.எஸ்.ஆர். ஜே0740+6620 என்ற பல்சாரின் (துடிப்பு வீசிச் சுழலும் அடர்ந்த விண்மீன்) நிறையே சுமார் 2.08 சூரியன். எளிய மாடல் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. மாற்று ஈர்ப்பைத் தேடிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எஃப்(ஆர், டி) 2011இல் ஹார்கோ குழுவினர் முன்வைத்தது. ஆருடன் டியின் ஒரு மடங்கைக் கூட்டும் எளிய வடிவத்தில், பழைய நிரலில் சில வரிகளை மாற்றினால் விடை வந்துவிடும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. கூடுதல் உறுப்புகளை அடர்த்தியோடும் அழுத்தத்தோடும் சேர்த்துப் பாருங்கள். வேறொரு நிலைச் சமன்பாடு (அழுத்தத்துக்கும் அடர்த்திக்கும் உள்ள தொடர்பு) போட்ட பொதுச் சார்பியல்தான் மிஞ்சும். நிறை கூடினால், கூட்டியது ஈர்ப்பா குவார்க்கா என்று பிரிக்க வழியில்லை. விளிம்பில் சுழியாக வேண்டியதும் அந்தத் திருத்திய அழுத்தம்தான். சாதாரண அழுத்தம் சுழியாகும் இடத்தில் கணக்கை நிறுத்தினால், அடர்த்தி மிச்சம் நிற்பதால் உள்ளும் புறமும் பொருந்தாது.

ஆருடன் அதன் வர்க்கத்தின் ஒரு மடங்கைக் கூட்டும், ஸ்டாரோபின்ஸ்கி 1980இல் அண்டவியலுக்காகக் கையாண்ட ஆர்-ஸ்கொயரில் கதையே வேறு. பொதுச் சார்பியலில், பேக் மாடல் விண்மீனுக்குள் வளைவு எண் ஆர் எங்கும் ஒரே மதிப்பு. விளிம்பில் தடாலென்று சுழி. ஆர்-ஸ்கொயர் இதை அனுமதிக்காது. ஆரும் அதன் சரிவும் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும். அதனால் மேற்பரப்புக்கு முன்பே ஆர் குறையத் தொடங்கி, வெளியிலும் கொஞ்ச தூரம் நீண்டு தேய்கிறது. தொலைவிலிருந்து அளக்கும் நிறையில் அந்த வெளிப்பகுதிக்கும் பங்குண்டு. அடர்த்தி இப்படிச் செங்குத்தாக விழும் குவார்க் விண்மீனில்தான் இந்த வேறுபாடு இவ்வளவு துலக்கமாகத் தெரியும்.

உழைப்பு கூடுதல்தான். மையத்தில் ஆரின் மதிப்பை ஊகித்துத் தொடங்கி ஷூட்டிங் முறையில் திருத்த வேண்டும். இம்மி பிசகினாலும் வெளியே விடை வெடித்துப் பெருகும். இன்னொரு தடையும் உண்டு. விண்மீனில் விளைவு தெரிய இந்தத் திருத்தத்தின் வீச்சு கிலோமீட்டர் கணக்கில் வேண்டும். ஆய்வக முறுக்குத் தராசுகளோ மில்லிமீட்டருக்கும் குறைந்த தூரம்வரை நியூட்டன் விதியைச் சோதித்துவிட்டன. ஆரின் வர்க்கத்தைப் பெருக்கும் குணகம் எங்கும் மாறிலி என்று வைத்தால் கோட்பாடு அங்கேயே தோற்கும். சூழலின் அடர்த்தியைப் பொறுத்து மாறும் என்றால் அதற்கான நியாயத்தை அறிக்கையில் எழுத வேண்டும்.

அப்படியும் என் தேர்வு ஆர்-ஸ்கொயர். முதலில் பொதுச் சார்பியலில் பேக் மாறிலியை 57இலிருந்து 90வரை மாற்றி நிறை–ஆரம் வரைபடம் போடுங்கள். பிறகு அதே விண்மீன்களுக்கு ஆர்-ஸ்கொயரில் விளிம்பைத் தாண்டி ஆர் எப்படித் தேய்கிறது என்று வரைந்து பக்கத்தில் வையுங்கள்.