"எல்லா ஸ்கிரீனுக்கும் செட் ஆகும்" என்று சொல்லும் டிசைனர்களிடம் உஷார்

வெப்சைட் செய்யக் கொடுத்திருப்பவர்கள் முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் பாட்டு வகுப்புக்கு ஒருவர் சைட் செய்து தந்தார். முகப்பில் பேக்கிரவுண்டாக, பிள்ளைகள் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் போட்டோ. அவருடைய பெரிய மானிட்டரில் பிரமாதமாக இருந்தது. போனில் திறந்தால் நடுவில் உள்ள சுவர் மட்டும்தான் தெரிகிறது, பிள்ளைகள் ஒருவரையும் காணோம்.

கேட்டதற்கு "உங்க போன் பழசு" என்றார். அது சுத்தப் பொய். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோடில், பேக்கிரவுண்ட்-சைஸ் (பின்னணிப் படத்தின் அளவு) என்ற இடத்தில் கவர் என்று கொடுத்தால் படம் திரை முழுவதையும் நிரப்பும், மிஞ்சுவது வெட்டுப்படும். 390-க்கு 844 பிக்சல் திரை அளவுள்ள போனை நிமிர்த்திப் பிடித்தால், 1920-க்கு 1080 என்ற விகிதத்தில் இருக்கும் அகலப் படத்தில் கால்வாசிதான் தெரியும். புதுப் போன் வாங்கினாலும் இதே கதைதான்.

விடாமல் கேட்டதும் படத்தின் அகலம் 100%, உயரம் 100% என்று மாற்றிவிட்டு "சரி பண்ணியாச்சு" என்றார். இப்போது பிள்ளைகள் தெரிந்தார்கள், ஆனால் ஒவ்வொரு முகமும் மேலும் கீழும் இழுத்துவிட்ட மாதிரி. அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பார்க்கிற பக்கம் அது, எனக்கு எவ்வளவு கோபம் வந்திருக்கும்!

அப்புறம்தான் உண்மையான ஏமாற்று வேலை. 1366, 1536, 1920 என்று திரை அகலங்களின் பட்டியல் ஒன்றை அனுப்பி, ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் தனித்தனியாகப் பணம் கேட்டார். அப்படி ஒவ்வொன்றுக்கும் படம் செய்ய வேண்டிய தேவையே இல்லை. அகலத் திரைக்கு ஒன்று, போனுக்கு நிமிர்ந்த வாக்கில் வெட்டிய ஒன்று, இரண்டையும் மாற்றிப் போட மீடியா குவரியில் (திரை அளவைப் பார்த்து அதற்கேற்ப மாற்றும் கோட்) சில வரிகள், முக்கியமான முகம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பிடித்துவைக்க பேக்கிரவுண்ட்-பொசிஷன். பெரும்பாலான சைட்டுகளுக்கு இது போதும்.

இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னதில், கேமராவில் எடுத்த 6000-க்கு 4000 பிக்சல் போட்டோவை அப்படியே ஏற்றியிருந்தது தெரிந்தது. ஃபைலைச் சுருக்கினால்கூட, பிரவுசர் அதை விரித்து வைக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் சுமார் 96 எம்பி மெமரி போகும். போனில் பக்கம் திக்கித் திக்கி நகர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தப் புதியவர் அதை 1920 அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP, ஃபைல் சிறிதாக இருக்கும் பட வகை) ஃபார்மட்டில் போட்டதும் சட்டென்று திறந்தது.

நீங்கள் பணம் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரில் குரோம் பிரவுசரில் எஃப்12 அழுத்தி, கன்ட்ரோல் ஷிஃப்ட் எம் போட்டுத் திரை அளவை மாற்றிப் பாருங்கள், நிஜப் போனில் நிமிர்த்தியும் படுக்கவைத்தும் பாருங்கள். தலைப்பு எழுத்தைப் படத்துக்குள்ளேயே பதித்துத் தந்தால் வாங்கவே வாங்காதீர்கள், ஓரம் வெட்டுப்படும்போது எழுத்தும் சேர்ந்தே போய்விடும்.