மிக்ஸியா, கிரைண்டரா? மாவுக்குள் போகும் சூட்டின் கணக்கு

"மிக்ஸியில அரைச்சா மாவு சூடாயிடும், இட்லி கல்லாட்டம் வரும்" என்பது அம்மாவின் கட்சி. "கிரைண்டர் அரை மணி நேரம் ஓடுதே, கரண்ட் யாரும்மா கட்டுறது" என்பது என் கட்சி. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டன.

500 வாட் மிக்ஸி மொத்தம் 5 நிமிடம் ஓடினால் 150 கிலோஜூல் ஆற்றல் செலவு. 150 வாட் டேபிள் டாப் கிரைண்டர் 30 நிமிடம் ஓடினால் 270 கிலோஜூல். ஆக, அதிகம் தின்பது கிரைண்டர்தான். (கரண்ட் பில்லில் இது யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது, அது வேறு விஷயம்.) ஆனால் சூடாவது மிக்ஸி மாவு.

மூடிய ஜாருக்குள் பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுகிறது. அந்த வேகமெல்லாம் மாவோடு உரசி வெப்பமாகிறது. வெளியேற வழியும் இல்லை, நேரமும் இல்லை. 150இல் பாதி மாவுக்குள் போனதாக வைத்துக்கொண்டாலும் ஒரு கிலோ மாவு ஏறக்குறைய 20 டிகிரி ஏறிவிடும். 30 டிகிரியில் போட்ட உளுந்து 50ஐத் தொடும். கிரைண்டரில் மோட்டாரின் சூடு பெரும்பாலும் கீழேயே நின்றுவிடுகிறது. உரசலில் பிறப்பதைப் பல கிலோ கருங்கல் வாங்கிக்கொள்கிறது. திறந்த வாய் வழியாகவும் அரை மணி நேரம் ஆறிக்கொண்டே இருக்கிறது.

சூடு ஏன் பிரச்சினை? மாவைப் பொங்க வைக்கும் முக்கியமான நுண்ணுயிர் லியூகோனோஸ்டாக், உளுந்தோடு தானாகவே வருவது. 20 முதல் 30 டிகிரிதான் அதற்குப் பிடித்த சூடு. 50இல் அது சுருண்டுவிடும்.

அது விடும் கரியமில வாயுவைப் பிடித்து வைப்பதும் உளுந்துதான். 1970களில் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் இதை ஆராய்ந்தார்கள். உளுந்தின் குளோபுலின் புரதம் நுரையைக் கட்டுகிறது, வழவழப்பைத் தரும் அரபினோகாலக்டான் அதை உடையாமல் தாங்குகிறது. குழவி உளுந்தை நசுக்கி இழைத்து, கூடவே காற்றையும் மடித்துச் சேர்க்கிறது. பிளேடு நறுக்கத்தான் செய்யும். அதனால்தான் ஒரே ஆழாக்கு உளுந்து கிரைண்டரில் கூடுதலாகக் 'காணும்'. ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்; மிதந்தால் பதம் சரி, எதில் அரைத்தால் என்ன.

இரண்டுமே நம் சமையலுக்கென்றே பிறந்தவை. கிரைண்டர் 1955இல் கோவையில் சபாபதி உருவாக்கியது. நம் ஊர் மிக்ஸி, மனைவியின் வெளிநாட்டு மிக்ஸர் பழுதானதால் சத்ய பிரகாஷ் மாத்தூர் 1963இல் கொண்டுவந்த சுமீத். 2011இல் தமிழக அரசு விலையில்லாப் பொருளாக இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. விவரமான முடிவு!

சட்னிக்கும் மிளகாய்ப் பொடிக்கும் போட்டியே இல்லை, மிக்ஸிதான். இட்லி மாவுக்கு, வீட்டில் நாலு பேர் இருந்தால் கிரைண்டர் என்பதே என் தீர்ப்பு. இரண்டு பேருக்கு அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவும் பாடு தேவையில்லை. உளுந்தைக் குளிர்ந்த தண்ணீரிலேயே ஊற வைத்து, அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் 100 கிராம் ஐஸ் போடுங்கள். அது உருகி அறைச் சூட்டுக்கு வருவதற்கே 45 கிலோஜூலுக்கு மேல் விழுங்கிவிடும். ஏறவிருந்த 20 டிகிரியில் பத்துக்கு மேல் அங்கேயே போச்சு. மீதிக்கு, ஒரே மூச்சில் ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டினால் போதும். அரிசியை அப்படியே அரைக்கலாம், அது ரவைப் பதத்தில்தானே வேண்டும்.

மெதுவடைக்கு மட்டும் நானும் அம்மா கட்சி.