திங்கள்கிழமை மெயில்: ஏழரை வருட அனுபவம்

இங்கிலாந்தின் வடக்கே ஓர் என்ஹெச்எஸ், அதாவது அரசு பொது மருத்துவச் சேவையின், மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். 2018 ஜனவரியில் சேர்ந்தேன். அன்றிலிருந்து வாரம் தவறாமல் எனக்கு வந்துகொண்டிருப்பது சீஃப் எக்ஸிகியூட்டிவின் திங்கள்கிழமை மெயில். மிக்ஸிக்கும் வாஷிங் மெஷினுக்கும் பல வருடப் பயன்பாட்டு அனுபவம் எழுதுகிறார்கள். இதற்கும் ஒருத்தி எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஏழரை வருடம் என்றதும் உங்களுக்குச் சனி ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு வரி. இங்கே மருத்துவமனைகளை நடத்துவது ட்ரஸ்ட் என்ற அமைப்பு. ஒவ்வொரு ட்ரஸ்ட்டுக்கும் ஒரு நிர்வாகக் குழு, அதன் தலையில் ஒரு சீஃப். எல்லாவற்றுக்கும் மேலே என்ஹெச்எஸ் இங்கிலாந்து என்ற தேசிய அமைப்பு, அதற்கும் மேலே சுகாதார அமைச்சர். மேலே என்ன முடிவானாலும் அது படி இறங்கிக் கடைசியில் எங்கள் மெயில் பெட்டியில் வந்து விழும். மெயில் போக, மாதம் ஒருமுறை டீம்ஸ் என்ற வீடியோ கூட்டச் செயலியில் நிர்வாகத்தின் நேரலை, வார்டு மேனேஜர் அச்சடித்து ஒட்டும் ஒரு தாள், கம்ப்யூட்டர் தூங்கும்போது வரும் ஸ்கிரீன் சேவர் எல்லாம் உண்டு. ஸ்கிரீன் சேவரைத்தான் நான் அதிகம் படித்திருக்கிறேன், மெஷின் விழிக்கும் வரை வேறு வேலை இல்லாததால்.

எங்கள் ஷிஃப்ட் பன்னிரண்டரை மணி நேரம். இருபத்தெட்டு படுக்கைக்கு, சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நான்கு. ‘கம்ப்யூட்டர் ஆன் வீல்ஸ்’ என்பதை இங்கே சுருக்கமாக ‘காவ்’ (COW) என்பார்கள். வந்த புதிதில் “மை காவ் இஸ் டெட்” என்று ஒருத்தி புலம்பியதைக் கேட்டு, பாவம் ஊரில் மாடு வளர்க்கிறாள்போல என்று நினைத்து அனுதாபம் சொல்லியிருக்கிறேன். அந்த நான்கில் இரண்டு எப்போதும் சார்ஜ் இல்லாமல் நிற்கும். மிச்சம் இரண்டில் மருந்து கொடுத்ததைப் பதிவார்களா, சீஃபின் கடிதத்தைப் படிப்பார்களா? ஆகவே நான் மெயில் படிப்பது பஸ்ஸில், போனில், பாதித் தூக்கத்தில். இந்த அனுபவம் முழுக்க அப்படிப் படித்தவளுடையது.

இங்கே வருவதற்கு முன் தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ஒப்பந்த நர்ஸாக மூன்று வருடம் இருந்தேன். அங்கே வருவது சுற்றறிக்கை. அதன் மொழியைக் கிண்டல் செய்யாதவர் இல்லை. ஆனால் மேலே ‘பொருள்’ என்று ஒரு வரி, அதற்கு அடுத்தே ‘பார்வை’ என்று பழைய கடிதங்களின் எண்கள். எதைப் பற்றியது, எந்த உத்தரவின்படி என்பது இரண்டு நொடியில் தெரிந்துவிடும். இங்கத்திய மெயில் வானிலையில் ஆரம்பிக்கும். வசந்தம் வந்துவிட்டது, டாஃபடில் பூத்துவிட்டது, சென்ற வாரம் ஆறாவது மாடிக்குப் போயிருந்தேன், எவ்வளவு அருமையான டீம். நான்காவது பத்தி வந்தால்தான் விஷயம். முதல் இரண்டு வருடம் எனக்கு அந்த நான்காவது பத்தி வரை போகும் பொறுமை இருந்ததாக ஞாபகம் இல்லை.

அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச் 23-ல் ஊரடங்கு. அதே மாதம் என்ஹெச்எஸ் மெயில் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் டீம்ஸ் திறந்துவிட்டார்கள். வார மெயில் தினசரி ஆனது. மாலை ஐந்தரைக்கு ஒரு பக்கம், அதற்கு மேல் கிடையாது. இன்று எத்தனை கொரோனா நோயாளிகள், எத்தனை பேர் ஐசியூவில், எந்த வார்டு எந்த வார்டாக மாறியது, எந்த மாஸ்க் எங்கே. பாதுகாப்பு உடை விதிகள் வாரத்துக்கு வாரம் மாறிய காலம் அது. ஏப்ரல் 17-ல் கவுன் தீர்ந்துபோகும் நிலை வந்தால் திரும்பப் பயன்படுத்தலாம் என்று தேசிய வழிகாட்டுதலே வந்தது. அன்றைய எங்கள் மெயிலின் முதல் வரி, இருக்கிற கவுன் ஞாயிறு மதியம் வரைதான் வரும், அடுத்த லோடு எப்போது என்று இன்னும் உறுதி கிடைக்கவில்லை என்பது. டாஃபடில் இல்லை, அருமையான டீம் இல்லை. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் விசித்திரம் என்னவென்றால், அன்றிரவு வார்டில் யாரும் வதந்தி பேசவில்லை. அதற்கு முந்தைய வாரம் வரை “மேலே இருப்பவர்கள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்” என்பதுதான் டீ ரூமின் ஒரே பேச்சு. ஞாயிறு காலை லோடு வந்ததும் அதுவும் மெயிலில் வந்தது, இரண்டே வரியில்.

அந்த வசந்தத்தில் இறந்துபோன மருத்துவர்களின் முகங்கள் செய்தியில் வந்துகொண்டே இருந்தன. முதலில் இறந்த பத்துப் பேருமே வெள்ளையர் அல்லாதவர்கள். எங்கள் வார்டில் பாதிப் பேர் கேரளம், பிலிப்பைன்ஸ், நைஜீரியா. ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டோம், பேசவில்லை. மெயிலில் அதைப் பற்றி ஒரு வரி வர மே மாதம் வரை ஆனது. வந்தபோது கூடவே தனி ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்றும் வந்தது. அந்தத் தாமதத்தை நான் மறக்கவில்லை. அந்தப் படிவத்தால் எங்கள் வார்டின் சர்க்கரை நோயாளி நர்ஸ் ஒருவர் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அலைகள் ஓய்ந்ததும் மெயில் மெல்லப் பழைய உருவத்துக்குத் திரும்பியது. நன்றி பெருகியது. 2021 ஜூலை 5-ல் என்ஹெச்எஸ்ஸுக்கே ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீர விருது அறிவித்தார்கள். அது பெரிய விஷயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் நன்றிக்கு ஒரு அளவு உண்டு. ஒரே மெயிலில் ஆறு இடத்தில் நன்றி வந்தால் ஏழாவது பத்தியில் ஏதோ இருக்கிறது என்று எங்களுக்குப் பழகிவிட்டது. கொரோனாக் காலத்தில் ஊழியர்களுக்குக் கொடுத்த இலவச பார்க்கிங் 2022 மார்ச் 31-உடன் முடிகிறது என்ற செய்தி அப்படித்தான் வந்தது. முதலில் நன்றி, பிறகு மனநல வாரம், பிறகு ஈஸ்டர் முட்டை வேட்டை, கடைசியில் ‘பயண ஏற்பாடுகள் குறித்து ஒரு நினைவூட்டல்’. எனக்குக் கார் இல்லை. இருந்தவர்கள் கொதித்த கொதிப்பில் அந்த மாத நேரலை இருபது நிமிடம் நீண்டது.

நேரலையைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. பெயர் போடாமல் கேள்வி கேட்கலாம், மற்றவர்கள் கட்டை விரல் தூக்கினால் கேள்வி மேலே ஏறும். ஆரம்பத்தில் ஒரு கம்யூனிகேஷன்ஸ் ஆள் உட்கார்ந்து கேள்விகளை வடிகட்டினார். இப்போது அது இல்லை. எத்தனையாவது மாதமானாலும் முதலிடம் பார்க்கிங்குக்குத்தான். இரண்டாவது, இரவில் சூடான சாப்பாடு ஏன் இல்லை. இந்த இரண்டுக்கும் மருத்துவமனை நடத்துவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு டைரக்டர் முகம் சுளித்தது கேமராவில் தெரிந்தது. அவர் இரவு ஷிஃப்ட் பார்த்திருக்க மாட்டார்.

இந்த ஏழரை வருடத்தில் மூன்று சீஃப் மாறிவிட்டார்கள். முதலாமவர் டாஃபடில்காரர். நடுவில் வந்தவர் எழுதுவதை விட்டு வீடியோவுக்கு மாறினார். வார்டில் சத்தம் போட்டு வீடியோ பார்க்க முடியாது, கீழே எழுத்தும் ஓடாது. அந்த ஒன்றரை வருடத்தில் அவர் சொன்னது எதுவும் எனக்குத் தெரியாது. இப்போது இருப்பவர் முன்பு நர்ஸாக இருந்தவர், பரவாயில்லை.

மேலிருந்து வரும் செய்தியே தலைகீழாக மாறினால் சீஃப் என்ன செய்வார்? நோயாளிகளோடு நேரடி வேலையில் இருப்பவர்கள் 2022 ஏப்ரல் 1-க்குள் கொரோனா தடுப்பூசி இரண்டு டோஸ் போட்டிருக்க வேண்டும், இல்லையேல் அந்த வேலையில் இருக்க முடியாது என்று சட்டம் வந்தது. முதல் டோஸுக்குக் கெடு பிப்ரவரி 3. எங்களுக்கு மெயில் மேல் மெயில். போடாத ஒரு சகாவிடம் வார்டு மேனேஜர் கண்ணீரோடு பேசினார். ஜனவரி 31 மாலை அரசாங்கம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டது. மறுநாள் எங்களுக்கு வந்த மெயில் ‘நிலைமை மாறியிருக்கிறது’ என்றது. அதற்கு முந்தைய ஆறு வாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்த சகா கோடையில் வேலையை விட்டுப் போனார்.

இப்போது எங்கள் வார்டைச் சுத்தம் செய்யும் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், பதினைந்து வருடமாக அதே கட்டடம். ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது ஒப்பந்த நிறுவனம், ட்ரஸ்ட் அல்ல. அதனால் அவருக்கு மெயில் கணக்கு கிடையாது, நேரலை கிடையாது, ‘அன்புள்ள சக ஊழியர்களே’ என்பதில் அவர் கிடையாது. கொரோனாவில் எங்களைவிட அதிக நேரம் அந்த அறைகளுக்குள் நின்றவர் அவர். “பிள்ளை, பெரியாக்கள் என்னவாம் சொல்லுகினம்?” என்று திங்கள் காலை டீ நேரத்தில் கேட்பார். நான் தமிழில் சொல்வேன். அப்படிச் சொல்லும்போதுதான் ஒன்று கவனித்தேன். இரண்டு பக்க மெயில் தமிழில் சொன்னால் பல வாரம் ஒன்றரை வாக்கியமாகிவிடும். சில வாரம் அதுவும் இல்லை. “ஒண்டும் இல்லையக்கா” என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வேன். கொரோனாக் கால மெயில்களைச் சொல்லி முடிக்க டீ ஆறிவிடும்.

2024 ஆகஸ்டிலும் டீ ஆறியது. சவுத்போர்ட் என்ற ஊரில் சிறுமிகள் கொல்லப்பட்ட பிறகு, கொன்றவன் அகதியாக வந்தவன் என்று பொய்ச்செய்தி பரவி ஊர் ஊராகக் கலவரம். ஆகஸ்ட் 4, ஞாயிறு இரவு சீஃபிடமிருந்து மெயில், ஞாயிறு இரவில் அதுவே முதல் முறை. முதல் வரியில் ஒரு டாக்ஸி நம்பர். ஷிஃப்ட் முடிந்து போகப் பயமாக இருந்தால் கூப்பிடுங்கள், செலவு ட்ரஸ்ட்டுடையது, காரணம் சொல்லத் தேவையில்லை. அடுத்து, இனவெறியோடு நடந்துகொள்ளும் நோயாளியிடம் என்ன சொல்லலாம், யாரைக் கூப்பிடலாம். மூன்றாவது வரி ஒப்பந்த ஊழியர்களுக்கும் இதே டாக்ஸி என்று இருந்தது. அக்கா அந்த வரியை என்னை இரண்டு முறை வாசிக்க வைத்தார். அந்த வாரம் நானும் அவரும் இரண்டு நாள் அதே காரில் வீட்டுக்குப் போனோம்.

2025 மார்ச் 13 வேறு ரகம். என்ஹெச்எஸ் இங்கிலாந்தையே கலைக்கப்போவதாகப் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். அதை எனக்குச் சொன்னது ஆறாம் படுக்கைத் தாத்தா, டிவியைப் பார்த்தபடி. “உன் வேலை போச்சா?” என்றார். இல்லை தாத்தா, அது மேலே இருப்பவர்களுக்கு என்றேன், நிச்சயமாகத் தெரியாமலே. மாலையில் வந்த மெயில், நமது மருத்துவமனையின் அன்றாட வேலையில் இன்று எந்த மாற்றமும் இல்லை, அடுத்து என்ன என்று எங்களுக்கும் இனிமேல்தான் தெரியும் என்றது. நான்கு வரி. போதும், தாத்தாவிடம் போய்ச் சொல்ல முடிந்தது.

இன்னொருவர் கேட்டால் என்ன சொல்வேன்? வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, வந்தே தீரும். நான் இப்போது மெயிலை அடியிலிருந்து மேலாகப் படிக்கிறேன். தேதியோ எண்ணோ தொலைபேசி நம்பரோ இருக்கும் வரியை மட்டும் காலை ஏழரைக்கு வார்டில் நின்றபடி நடக்கும் ‘ஹடில்’ என்ற குட்டிக் கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். புதிதாக வரும் நர்ஸ்களுக்கும் அதையே சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வரும் ஊழியர் கணக்கெடுப்பில், நான் ஒரு குறையைச் சொன்னால் நிர்வாகம் அதைச் சரிசெய்யும் என்ற நம்பிக்கை இருக்கிறதா என்று ஒரு கேள்வி வரும். 2021-ல் இல்லை என்று போட்டேன், போன வருடம் நடுவில் போட்டேன்.

எங்கள் பக்கம் மூன்றாம் நம்பர் லிஃப்ட் பிப்ரவரியிலிருந்து ஓடவில்லை. அக்கா தள்ளுவண்டியைச் சுற்றுவழியில் தள்ளிப் போகிறார். ஜூன் நேரலையில் பெயர் போட்டே கேட்டேன். பட்ஜெட், பழைய கட்டடம் என்று ஒரு டைரக்டர் ஆரம்பித்தார். சீஃப் குறுக்கிட்டு, திங்கள்கிழமைக்குள் தேதி சொல்கிறேன் என்றார். திங்கள் மெயிலில் முதல் பத்தியிலேயே இருந்தது: உதிரிபாகம் செப்டம்பர் 12.

டீ நேரத்தில் சொன்னேன். “எந்த வருசமாம்?” என்றார் அக்கா.