செந்தூலில் ஒரு பகல்நேர முதியோர் பராமரிப்பு மையம்: எட்டு மாதம் அம்மாவை விட்ட அனுபவம்

பெயரைப் போடவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது பேருக்கு மேல் எடுக்க மாட்டார்கள், இப்போதே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதோடு நான் குறையும் சொல்லப் போகிறேன், சின்ன இடம், பாவம். கோலாலம்பூரில் ஜாலான் ஈப்போவிலிருந்து செந்தூல் பக்கம் திரும்பி உள்ளே போனால் ஒரு மூலை வீடு. அந்த வட்டாரத்துக்காரர்களுக்கு இது போதும்.

அம்மாவுக்கு 78. ரவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கை சரியில்லை, கால் இழுத்துக்கொண்டுதான் நடக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். ஞாபகம் தெளிவு, வாய் அதைவிடத் தெளிவு. நான் வேலைக்குப் போகிறவள், தம்பி ஜொகூரில். வீட்டோடு வைத்துக்கொண்ட பணிப்பெண்கள் இரண்டு பேரும் நிற்கவில்லை. சமூக நல இலாகாவின் பாவே (மூத்தோர் நடவடிக்கை) மையத்தையும் விசாரித்தேன். 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் பகலில் போய் உடற்பயிற்சி, கைவேலை, பேச்சு என்று இருந்துவிட்டு வர நல்ல இடம்தான், ஆனால் அது தானே எழுந்து நடக்கிறவர்களுக்கு. கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துப் போக ஆள் வேண்டும் என்கிற அம்மாவுக்கு ஒத்து வராது.

மையத்தில் சேர்க்கப் போகிறேன் என்று சொன்ன அன்று, "என்னை ஆயாக்கொட்டகையில விடப் போறியா?" என்று கேட்டார். விடியற்காலை பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு, ஓடுமுன் என்னையும் தம்பியையும் அந்தப் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவிடம் போட்டுவிட்டுப் போனவர் கேட்கிறார், நான் என்ன சொல்வது. அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதற்கு முன்னால் மூன்று மாதம் வேறோர் இடத்தில் விட்டிருந்தோம். அதைச் சொல்லாமல் இந்த இடத்தின் அருமை புரியாது. அங்கே காலையில் உள்ளே போனதும் எல்லோருக்கும் பேம்பர்ஸ் மாட்டிவிடுவார்கள், தேவைப்படுகிறவர், தேவைப்படாதவர் என்ற கணக்கே இல்லை. அம்மா, "எனக்கு அடக்கத் தெரியும், கூட்டிட்டுப் போனா போதும்" என்று சொல்லியிருக்கிறார். "அதுலயே போங்க பாட்டி" என்று பதில். ஆள் பற்றாக்குறை, தூக்கி நிறுத்த நேரமில்லை, எனக்கும் தெரிகிறது. ஆனால் மூன்றாவது மாதம் அம்மா வீட்டிலும் கேட்பதை விட்டுவிட்டார். நடக்கிற மனுஷியை நாமே படுக்கவைத்தது போல ஆகிவிட்டது. சாப்பாடு இன்னும் மோசம். விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குச் சோறு, குழம்பு, காய் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு அரைத்துப் பழுப்பு நிறத்தில் ஒரு கிண்ணம். ஒருநாள் சீக்கிரம் போனபோது பார்த்தேன். அடுத்த வாரமே நிறுத்திவிட்டேன்.

சரி, இப்போதைய இடத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் நடத்துகிறார். வந்ததும் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் பேசினார்: "வாங்கம்மா, பசியாறிட்டீங்களா? உங்கள நாங்க எப்படிக் கூப்பிடணும்?" அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு வருடமாக யாரும் அவரிடம் நேராகக் கேட்டதில்லை, கிளினிக்கில்கூட டாக்டர் என்னைப் பார்த்துத்தான் "பாட்டிக்கு என்ன செய்யுது" என்பார். "பாட்டி வேணாம். எனக்குப் பேரன் பேத்தி இல்ல," என்றார் அம்மா. அன்றிலிருந்து அங்கே அவர் அம்மாதான். (எனக்குக் கல்யாணம் ஆகாததை இப்படியும் ஊருக்குச் சொல்லலாம் என்று அன்றுதான் தெரிந்தது.)

கழிவறை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீங்கள் எந்த இடத்தைப் பார்க்கப் போனாலும் அதைத்தான் பார்க்க வேண்டும். சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து காதருகே குனிந்து, "அம்மா, ஒரு நடை நடந்துட்டு வருவோமா?" என்பார். எல்லோர் முன்னாலும் ஒன்னுக்கா ரெண்டுக்கா என்று கத்துவதில்லை. உள்ளே கைப்பிடிக் கம்பியை அம்மா வலது கையால் பிடித்துக்கொண்டதும், அந்தப் பெண் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டு, தன் முதுகை அம்மா பக்கம் காட்டி நின்றுகொள்கிறார். விழுந்தால் பிடிக்கிற தூரம், ஆனால் கண் வேறு பக்கம். முடிந்ததும் துண்டை நீட்டுகிறார், தானே துடைத்துவிடுவதில்லை. இதற்கு இயந்திரம் எதுவும் தேவையில்லை, நான்கு நிமிடம் கூடுதலாகத் தேவை, அவ்வளவுதான். அந்த நான்கு நிமிடத்துக்குத்தான் நான் காசு கட்டுகிறேன். இப்போது அம்மாவுக்கு வெளியே தூரம் போகும்போது மட்டும் பேம்பர்ஸ்.

சாப்பாடு அம்மாவுக்கு அரைத்துத்தான் தருகிறார்கள், ஆனால் தனித்தனியாக. தட்டில் ஒரு பக்கம் பூசணி மஞ்சளாக, ஒரு பக்கம் கீரை, நடுவே சோறு. தண்ணீரிலும் மைலோவிலும் கெட்டியாக்கும் மாவு கலந்து கரண்டியால் கொடுக்கிறார்கள், புரையேறுவது குறைந்திருக்கிறது. செவ்வாய், வெள்ளி சைவம். ரசம் மட்டும் வாயில் வைக்க முடியாது, யாரோ அதில் சர்க்கரை போடுகிறார்கள், கேட்டால் சிரிக்கிறார்கள்.

பகல் பொழுது எப்படிப் போகிறது என்றால், பாதி நேரம் டிவி. அது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் மின்னல் எஃப்எம் வானொலி ஓடும், மத்தியானம் ஆனதும் சீரியல். வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி சொல்லித்தர ஓர் இளைஞர் வருகிறார், நல்ல பையன், ஆனால் பாலர் பள்ளி டீச்சர் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிறார். தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "சமத்து! கைதட்டுங்க பாப்போம்!" என்றால் அவர் முகம் எப்படி இருக்கும்? நான் பார்த்தேன். அவர் தட்டவில்லை.

இதைவிட நல்லது அங்கே தானாக நடப்பது. செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த ஒரு தாத்தா தினமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்காய்வாளர் போல மருந்து நேரத்தை அறிவிக்கிறார், யாரும் தடுப்பதில்லை. அம்மாவிடம் ஒருநாள் துவைத்த துண்டுகளை மடிக்கக் கொடுத்தார்கள். ஒரே கையால் மேசைமேல் துண்டை விரித்து, மோவாயால் ஒரு முனையை அழுத்திக்கொண்டு மடிக்கிறார். ஒரு துண்டுக்கு இரண்டு நிமிடம் ஆகும். யாரும் வந்து "விடுங்க, நான் செய்றேன்" என்று பிடுங்கவில்லை. சாயங்காலம் காடியில் ஏறியதும், "இன்னிக்குப் பதினெட்டு" என்றார், பால் நிறுத்துவிட்டு எடை சொல்கிற தோரணையில்.

இனி காசு. ஜனவரியில் சேர்க்கும்போது மாதம் 1,200 ரிங்கிட், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஏழரையிலிருந்து மாலை ஆறரை. ஏப்ரலில் 1,350 ஆக்கினார்கள். எனக்கும் சுருக்கென்றது, போய்க் கேட்டேன். நடத்துகிற அம்மையார் கோபப்படாமல் கணக்கு நோட்டையே திறந்து காட்டினார். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700. ஐந்து பராமரிப்பாளர்களுக்கு 8,500. முதலாளி பங்காக இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு, அது ஒரு 1,105. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), சமையல்காரர், வாடகை, சாப்பாடு, மின்சாரம். இருபது பேர் கட்டினால் 27,000 வருகிறது, ஆனால் எல்லோரும் முழுசாகக் கட்டுவதில்லை, இரண்டு பேர் பாதிதான் கட்டுகிறார்கள் என்று மெல்லச் சொன்னார். யார் என்று நான் கேட்கவில்லை. முந்தைய இடம் 900தான். அங்கே மூன்று மாதத்தில் முகங்கள் நான்கு முறை மாறின. இங்கே அம்மாவைக் கவனிக்கிற பெண் எட்டு மாதமாக ஒரே ஆள், அம்மாவின் இடது தோளைத் தூக்கினால் வலிக்கும் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரியும். அவரும் ஐம்பதைத் தாண்டியவர், இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார். அவர் இன்னும் எத்தனை வருடம் தாங்குவார் என்பதுதான் எனக்கு உண்மையான கவலை.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. அம்மாவின் நிலைக்குப் பராமரிப்பு தேவை என்று டாக்டரின் சான்று வேண்டும்.

குறைகள். ராயாவுக்கு (நோன்புப் பெருநாள்) ஒரு வாரம் முழுக்க மூடிவிட்டார்கள், ஊழியர்களும் ஊருக்குப் போக வேண்டும்தான், ஆனால் பத்து நாள் முன்னால் சொன்னால் நான் எங்கே லீவு எடுப்பது. தாமதமானால் அரை மணிக்குப் பத்து ரிங்கிட், ஜாலான் டூத்தா ஜாம் உங்களுக்கே தெரியும். அப்புறம் வாட்ஸ்ஆப் படங்கள். கழுத்தில் துண்டு கட்டி, வாயோரம் சோறு ஒட்டியபடி அம்மாவின் படம் நாற்பது பேர் இருக்கிற குழுவில் வந்தது. எடுக்கச் சொன்னேன், உடனே எடுத்தார்கள். ஆனால் இனி கேட்காமல் போட மாட்டோம் என்ற முடிவுக்கு வர இரண்டு வாரம் ஆனது. கழிவறையில் முதுகைத் திருப்பிக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குக் கைப்பேசியைத் திருப்பத் தெரியவில்லையே என்று இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். நேரில் பார்க்க நினைத்தால் முன்கூட்டிச் சொல்லாமல் பதினொன்றரை வாக்கில் போங்கள், சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்த சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா, தேதி தாண்டவில்லையா பாருங்கள், இங்கே நுழைந்ததும் இடப்பக்கம் இருக்கிறது. மாற்றுத்துணி அனுப்பும்போது ஒவ்வொன்றிலும் பெயர் தைத்து அனுப்புங்கள். அம்மாவின் பச்சைக் கைலி ஒன்று ஜூன் மாதம் போனது, இன்னும் வரவில்லை. ரயில் பட்டறைத் தாத்தா கட்டியிருப்பது அதுதான் என்று அம்மா அடித்துச் சொல்கிறார்.