"டிகிரி வேண்டாம், கம்பெனி தொடங்கு" என்று பணம் கேட்கிறார்களா? காரைக்குடியில் எனக்கு நடந்தது இது

நேற்று தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. "டிகிரி வேண்டாம். 10 மாதத்தில் நீயும் முதலாளி." நிறுவனத்தின் பெயர் புதிது, படத்தில் சிரிக்கிற ஆள் மட்டும் பழையவர். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நேரம் என்பதால் இதை இன்றே எழுதி முடித்துவிடவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வழக்கு நடக்கிறது, அதனால் பெயரைப் போடவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எனக்குக் கோட்டையூர். 2023-ல் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கோயம்புத்தூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். ஆத்தா வீட்டிலேயே தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை எல்லாம் செய்து விற்கிறார். அதை ஆன்லைனில் வெளியூருக்கு விற்க வேண்டும் என்று எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை.

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசக் கருத்தரங்கு என்றார்கள், போனேன். பில் கேட்ஸ், ஸ்டீவ் ஜாப்ஸ், ஸக்கர்பெர்க் என்று கல்லூரியை விட்டவர்களின் பட்டியலைத் திரையில் காட்டினார், அந்த நோட்டீஸ் படத்தில் சிரிக்கிற அதே ஆள். அதுகூட என்னை அசைக்கவில்லை. "உங்க பாட்டன் பர்மாவுக்குக் கப்பல் ஏறினப்போ கையில டிகிரி வச்சிருந்தாரா?" என்று கேட்டார் பாருங்கள், அதில்தான் விழுந்தேன். மண்டபமே கைதட்டியது. என் ஐயாவின், அதாவது தாத்தாவின், அப்பச்சி 14 வயதில் பர்மாவில் ஒரு வட்டிக்கடைக்குப் போனவர். அவர் படம் இன்றும் எங்கள் வீட்டுப் பட்டாலையில் இருக்கிறது. அவர் ரத்தம்தானே நமக்கும் என்று தோன்றியது.

கட்டணம் 1,80,000 ரூபாய். 10 மாதப் பயிற்சி, முடிவில் 5 லட்சம் முதலீடு "உறுதி" என்று வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் "தேர்வுக் குழுவின் முடிவுக்கு உட்பட்டது" என்று பொடி எழுத்தில் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். கையில் பணம் இல்லையே என்றதும், "வட்டியில்லாத தவணை தம்பி, மாசம் 10,000 ரூபாய்தான், 18 மாசம்" என்றார்கள். ஆத்தாவின் ஆதார், பான், போனுக்கு வந்த ஓடிபி. பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அது கடன் என்பதே ஆத்தாவுக்குப் புரியவில்லை. ஏதோ சீட்டு மாதிரி மாதாமாதம் கட்டுவது என்று நினைத்துக்கொண்டார்.

இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அந்தத் தவணைக்குப் பின்னால் இருந்த கடன் நிறுவனம் 1,80,000 ரூபாயையும் முதல் வாரத்திலேயே பயிற்சி மையத்துக்குக் கொடுத்துவிட்டது. அதன்பிறகு வகுப்பு நடந்தால் என்ன, நடக்காவிட்டால் என்ன, அவர்களுக்கு வரவேண்டியது வந்தாகிவிட்டது. தவணை மட்டும் ஆத்தா தலையில். வகுப்பு நின்ற பிறகு கடன்காரர்களிடம் கேட்டேன். "நாங்க கடன் கொடுத்தது உங்க அம்மாவுக்கு, வகுப்பைப் பத்தி பயிற்சி மையத்துல பேசுங்க" என்று வைத்துவிட்டார்கள். வங்கியில் கல்விக் கடன் வாங்கினால் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது, 4 லட்சம் வரை ஜாமீன் சொத்தும் கேட்கமாட்டார்கள். எங்களுக்கு அடுத்த மாதம் 5-ம் தேதியே தொடங்கியது.

அடுத்து "கம்பெனி பேக்கேஜ்" என்று 42,000 ரூபாய். ஆத்தாவின் இரண்டு வளையலை வைத்துக் கட்டினோம். அதில் உணவுப் பாதுகாப்புப் பதிவு 8,500 ரூபாய் என்று பில்லில் இருக்கிறது. ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தால் அந்தப் பதிவுக்கு அரசுக் கட்டணம் அப்போது வருடத்துக்கு 100 ரூபாய்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் பதிவுக்கு 6,000 போட்டிருந்தார்கள். அது முழுக்க இலவசம், ஆதாரை வைத்துக்கொண்டு நாமே செய்யலாம். புதிய தொழில்களுக்கு மத்திய அரசு தரும் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரத்துக்கு 12,000. அதற்கும் அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை.

வீட்டில் பலகாரம் சுட்டு விற்கிறவர்களுக்குப் பிரைவேட் லிமிடெட் கம்பெனி தேவையே இல்லை. எங்களுக்கு அதைத்தான் தொடங்கினார்கள், நானும் ஆத்தாவும் இயக்குநர்கள். விற்பனையே இல்லாவிட்டாலும் அந்தக் கம்பெனிக்கு ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்தே ஆகவேண்டும். தவறினால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். இரண்டு படிவங்கள். "எல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்றவர்கள் பார்க்கவில்லை. ஓர் ஆடிட்டர் கணக்குப் போட்டுச் சொன்னபோது 150 நாள் கடந்து 30,000 ரூபாய் ஏறியிருந்தது. கம்பெனியை மூட விண்ணப்பிக்கவே 10,000 ரூபாய் கட்டணம்.

பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மென்டர்கள், அதாவது வழிகாட்டிகள், என்று வந்த இருவரும் முந்தைய பேட்சில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள். எதையும் விற்றுப் பழகியவர்கள் இல்லை. தீபாவளிக்கு இன்ஸ்டாகிராமில் 40 பெட்டி ஆர்டர் வந்தது, பெட்டி 450 ரூபாய். சுட்ட அன்றே பேக் பண்ணி அனுப்பினால் "ஃப்ரெஷ்" என்று லேபிள் ஒட்டலாம் என்றார் மென்டர். ஆத்தா எண்ணெய்ச் சட்டி முன்னால் இருந்து திரும்பிப் பார்த்து, "சூடு ஆறாம கவருக்குள்ள போட்டா வேர்த்துப் போகும்ப்பா. ஒரு ராத்திரி விட்டு நாளைக்குப் போடுவோமே" என்றார். நான் கேட்கவில்லை. சீல் வைத்த கவருக்குள் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்படியே அனுப்பினேன். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்ச் சேர்ந்தபோது சீடை நமத்து, தேங்காய்ப்பால் சேர்ந்ததால் சிக்கு வாடையும் வந்துவிட்டது. 27 பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். 12,150 ரூபாய். 30 வருஷமாக ஆத்தா சம்பாதித்த பெயர் அது.

ஐந்தாவது மாதம் அலுவலகம் பூட்டியிருந்தது. வாட்ஸ்அப்பில் வீடியோ லிங்க் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

அன்று இரவுதான் ஐயாவிடம் முழுதாகச் சொன்னேன். 84 வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்க உனக்குச் சம்பளம் எவ்வளவுப்பா போட்டாங்க?" என்றார்.

"சம்பளம் இல்ல ஐயா, நாமதான் கட்டணும்."

"தொழில் பழகப் போறவன் எதுக்குப்பா காசு கட்டணும்? எங்க அப்பச்சியப் பெட்டியடிப் பையனா, அதான் கடையில தொழில் பழகுற பையனா, வச்சப்போ சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்து, சம்பளமும் கொடுத்தாங்க. அப்புறம் அடுத்தாள், அதுக்கப்புறம் மேலாள். மூணு வருஷக் கணக்கு முடிச்சு ஊருக்கு வரும்போது கையில பணம் இருந்துச்சு."

மண்டபத்தில் அந்த ஆள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். எங்கள் முன்னோர் டிகிரி இல்லாமல் போனார்கள் என்பது உண்மை. போன இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பழகினார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. கல்லூரிக்கு உண்மையான மாற்று எதை எடுத்தாலும் இப்படித்தான் இருக்கிறது. அமெரிக்காவில் பீட்டர் தீல் என்ற முதலீட்டாளர் 2011-ல் தொடங்கிய திட்டம், கல்லூரியை விட்டு வந்த இளைஞர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. மென்பொருள் நிறுவனமான ஸோஹோ நடத்தும் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவர்களிடம் கட்டணம் வாங்குவதில்லை, மாதாமாதம் உதவித்தொகை தருகிறார்கள். 1961-ம் ஆண்டுச் சட்டப்படி அப்ரண்டிஸ் சேர்ந்தாலும் உதவித்தொகை உண்டு. உன் திறமையை நம்புகிறேன் என்று சொல்கிறவர் பணம் தருவார். நம்மிடமே 1,80,000 கேட்கிறவருக்கு வியாபாரம் நாம்தான்.

அந்தத் திரையில் காட்டிய ஸக்கர்பெர்க்கும் ஃபேஸ்புக்கை 2004-ல் கல்லூரி விடுதி அறையில், கூடப் படித்தவர்களோடு தொடங்கியவர். வெளியே வந்தபோது கையில் ஓடிக்கொண்டிருந்த தொழில் இருந்தது. எங்கள் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் எம்.ஏ. படித்து, லண்டனில் பாரிஸ்டர் பட்டமும் பெற்றுவிட்டுத்தான் பெருந்தொழில்களில் இறங்கினார். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரி வருவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அவர் பெயரில் இருக்கும் சாலை வழியாகத்தான் நான் அந்தக் கருத்தரங்குக்குப் போனேன்.

கல்லூரியில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஒரு லேத் மெஷினுக்கு இருபது பேர் நின்றோம், சில பாடங்களில் பழைய நோட்ஸை வாசித்தே வருடம் போனது. அந்தச் சலிப்பைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "டிசி வாங்கிட்டு வந்தாதான் உனக்குத் தீவிரம் இருக்குன்னு அர்த்தம்" என்றார்கள். வாங்கினேன். நான் செய்த பெரிய தவறு அது. அண்ணா பல்கலைக்கழக விதிமுறையில், முன்கூட்டி அனுமதி பெற்றுப் படிப்பை இடையில் நிறுத்திவைத்து, பிறகு வந்து தொடர வழி இருக்கிறது. துறைத் தலைவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். தொழில் செய்துதான் பார்க்க வேண்டும் என்றால் அந்த அனுமதியை வாங்கிவிட்டுச் செய்யுங்கள். டிசியைக் கையில் வாங்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அசல் மதிப்பெண் பட்டியலையும் "சரிபார்க்க" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். கல்லூரிகளே அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-ல் அறிவித்திருக்கிறது. இவர்கள் கல்லூரிகூட இல்லை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிய பிறகுதான், நான்கு மாதம் கழித்து கூரியரில் வந்தது.

ஏற்கனவே பணம் கட்டியவர்கள் முதலில் 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். நான் பதிந்த பிறகு 30,000 தருகிறோம், போட்ட விமர்சனத்தை எடுத்துவிடு என்றார்கள். மறுத்துவிட்டு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போடவேண்டும். கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தில் வராது என்று பயமுறுத்துவார்கள். பயிற்சி மையங்கள் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-லேயே தீர்ப்பளித்திருக்கிறது. கடன் நிறுவனத்தின் மீது தனியாக எழுதிப் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், 14448. தவணையைத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள், பிறகு கடன் கேட்டால் பார்க்கும் சிபில் மதிப்பெண் கெடும். எங்களுக்கு அது ஆத்தா பெயரில் கெட்டது. அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு வாட்ஸ்அப் செய்தியையும் இன்றே படம் பிடித்து வையுங்கள். என்னுடன் சேர்ந்த ஒருவனுக்கு எல்லாச் செய்திகளையும் அவர்கள் பக்கத்திலிருந்தே அழித்துவிட்டார்கள்.

நான் மீண்டும் கல்லூரியில் சேர்ந்திருக்கிறேன், ஒரு வருஷம் பின்னால். தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு குறுகிய பயிற்சிக்கும் போய்வந்தேன். எண்ணெய்ப் பலகாரம் ஏன் சிக்கு வாடை அடிக்கிறது, பாக்கெட்டில் ஏன் நைட்ரஜன் நிரப்புகிறார்கள் என்று அங்கேதான் தெரிந்தது. ஒரு ராத்திரி ஆறவிடு என்று ஆத்தா சொன்னதையும் அங்கே ஓர் ஆசிரியர் அப்படியே சொன்னார். இப்போது மாதம் 15, 20 பெட்டி போகிறது. பதிவு ஆத்தா பெயரில், நானே போட்டது, 100 ரூபாய்.

தேவகோட்டை, காரைக்குடி, புதுவயல் பக்கம் யாராவது அந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போவதாக இருந்தால், கருத்தரங்குக்குத் தாராளமாகப் போங்கள். அங்கேயே கையெழுத்தோ ஓடிபியோ கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்கு வாங்கி வந்து எனக்கு அனுப்புங்கள், என்னிடம் இருக்கும் பழைய ஒப்பந்தத்தோடு வரிக்கு வரி வைத்துப் பார்த்துச் சொல்கிறேன். கல்லூரி விட்டு வந்து சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.