ஜெனரேட்டர் ட்ரெய்லர்: புளியரை மலைப்பாதையில் இரண்டு வருஷம்

செங்கோட்டையில் எங்களுக்கு லைட் செட், மைக் செட் கடை. அப்பா காலத்தில் குழல் ஸ்பீக்கரும் சீரியல் பல்பும் இருந்தால் தொழில் ஓடியது. இப்போது சைலன்ட் ஜெனரேட்டர் இல்லை என்றால் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், எந்த உற்சவக் கமிட்டியும் அட்வான்ஸ் கொடுக்காது. தை பிறந்ததிலிருந்து சித்திரை முடிகிறவரை ஆரியங்காவு, தென்மலை, புனலூர், பத்தனாபுரம் என்று வாரம் இரண்டு நடை இருக்கும்.

முன்பெல்லாம் வாடகை லாரிதான். ஏற்ற ஒரு கிரேன், இறக்க ஒரு கிரேன். ராத்திரி பதினொரு மணிக்குச் சாமி இன்னும் எழுந்தருளியே இருக்காது, லாரிக்காரர் கிளம்பணும் என்று ஹாரன் அடிப்பார். அந்தச் சங்கடம் தாங்காமல்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் ட்ரெய்லர் செய்யக் கொடுத்தேன். பட்டறைப் பேர் வேண்டாம். நான் எழுதப் போவதில் பாதி திட்டு, மீதி பாராட்டு.

ட்ரெய்லர் ஒற்றை அச்சு. சி-சேனல் சட்டம், இரண்டு பக்கமும் பட்டை ஸ்ப்ரிங், முன்னால் ஏற்றி இறக்குகிற ஜாக்கி வீல், ட்ரெய்லருக்கென்று தனியாக ஓவர்ரன் பிரேக். 1,85,000 ரூபாய் ஆனது. அதற்கு மேல் பதிவு, இன்சூரன்ஸ். ட்ரெய்லருக்கு என்று தனி நம்பர் வாங்க வேண்டும், இழுக்கிற வண்டியின் நம்பரை எழுதி ஒட்டினால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். மேலே 25 கேவிஏ ஜெனரேட்டர் 950 கிலோ. எல்லாம் சேர்த்து எடைமேடையில் ஏற்றினால் 1,280 கிலோ.

இழுப்பது பழைய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், 2018 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைசக்தி, 320 நியூட்டன் மீட்டர், ஐந்து கியர். தடா பக்கம் ஸ்ரீசிட்டியில் செய்த வண்டி. இழுக்குமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். இழுக்கும். புளியரை எஸ் வளைவில் இரண்டாவது கியரில் முனகாமல் ஏறும். அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

நிறுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. ட்ரெய்லருக்குப் பிரேக் எதற்கு, நாற்பதாயிரம் மிச்சம் பண்ணலாம் அண்ணாச்சி என்று இங்கே ஒரு வெல்டர் சொன்னார். ஆஸ்திரேலியாவில் 3 லிட்டர் எஞ்சின் போட்ட டி-மேக்ஸுக்கு, பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 3,500 கிலோவரை இழுக்கலாம் என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கிறது. பிரேக் இல்லாத ட்ரெய்லர் என்றால் 750 கிலோதான். எஞ்சினும் அதே, சேஸிஸும் அதே. அந்த இரண்டு எண்ணையும் காட்டிய பிறகு வெல்டர் பேசவில்லை. அவ்வளவு ஏன், நம் செங்கோட்டை–புனலூர் ரயிலையே பாருங்கள். 1904இல் மீட்டர்கேஜ் ஓடிய காலத்திலும் சரி, 2018இல் பிராட்கேஜாக மாற்றி முடித்த பிறகும் சரி, மலைப்பகுதியில் ஏற்றத்தில் தள்ளவும் இறக்கத்தில் பிடிக்கவும் பின்னாலும் ஒரு எஞ்சின் மாட்டித்தான் விடுகிறார்கள்.

பட்டறையிலிருந்து வந்த மூன்றாவது நடையில் எனக்கு உயிர் போய் வந்தது. விடிகாலை, திருவிழா முடிந்து திரும்புகிறோம். மலையை விட்டு இறங்கியாயிற்று, புளியரை தாண்டி இரண்டு பக்கமும் வயல், ரோடு நேராக இருக்கிறது. தூக்கக் கலக்கம், வீட்டுக்குப் போகிற அவசரம், முள் எழுபதைத் தொட்டிருக்கும். எதிரே ஒரு பெரிய லாரி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. அது போன அடுத்த நொடி பின்னால் யாரோ வண்டியின் வாலைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டுகிற மாதிரி இருந்தது. முதலில் மெதுவாக, அப்புறம் ஒவ்வொரு வீச்சும் அகலமாக. கண்ணாடியில் ஒரு தரம் ட்ரெய்லரின் இடது பக்கம் முழுசாகத் தெரிந்தது, அடுத்த தரம் வலது பக்கம். பதறிப்போய்ப் பிரேக்கைத் தொட்டேன், வீச்சு இன்னும் கூடியது. பக்கத்தில் இருந்த அக்கா மகன் “மாமா, காலை எடுங்க மாமா!” என்று கத்தினான். எந்தக் காலைச் சொன்னானோ, இரண்டையும் எடுத்துவிட்டேன். ஸ்டியரிங்கை இறுக்கி நேராகப் பிடித்ததோடு சரி, திருப்பிச் சமாளிக்கப் பார்க்கவில்லை. நாற்பதுக்கு வந்ததும் ஆட்டம் தானாக அடங்கியது. அப்படி வந்தால் செய்ய வேண்டியதும் அதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அன்று நான் செய்தது பயத்தில் நடந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது எங்கள் பெரியப்பா. எழுபத்தி நாலு வயசு, பாதி ஆயுசு மாட்டு வண்டியில் கழிந்தவர். கடை வாசலில் ட்ரெய்லரைக் கழற்றி நிறுத்தியிருந்தோம். கொக்கிப் பக்கம் குனிந்து இரண்டு கையால் தூக்கினார், தூக்கிவிட்டார். “ஏலே, இதுல முன்பாரமே இல்லையே. பின்பாரம் கூடினா நுகம் தூக்கி மாட்டுக் கழுத்தை நெரிக்கும். இதுக்குக் கழுத்து இல்ல, அதான் வாலை ஆட்டுது” என்றார்.

மண்டியில் மூட்டை போடுகிற எலக்ட்ரானிக் தராசை வாங்கி வந்து, ட்ரெய்லரை மட்டமாக நிறுத்தி, கட்டை வைத்துக் கொக்கியை அதன் மேல் இறக்கினேன். 41 கிலோ காட்டியது. 1,280க்கு அது மூன்று சதவீதம். இருக்க வேண்டியது பத்திலிருந்து பதினைந்து சதவீதம். அன்று காலை பையன் 60 கிலோ கேபிள் சுருளை வேறு ட்ரெய்லரின் பின்முனையில் போட்டிருந்தான். அச்சுக்கு நாலு அடி பின்னால். கொக்கியிலிருந்து அச்சு எட்டு அடி. அப்படியானால் அந்தச் சுருள் மட்டும் முன்னால் 30 கிலோவைத் தூக்கியிருக்கும். மிச்சம் 11 கிலோ. பதினோரு கிலோ முன்பாரத்தை வைத்துக்கொண்டு எழுபதில் வந்திருக்கிறேன்.

புகைக்குழாய் பின்பக்கம் பார்த்து இருக்கட்டும் என்று பட்டறையில் ஜெனரேட்டரைத் திருப்பி வைத்துவிட்டார்கள். அதனால் எஞ்சின் இருக்கிற கனமான பக்கம் அச்சுக்குப் பின்னால் போய்விட்டது. போன் போட்டால், “அதெல்லாம் ஓடி ஓடி செட்டாயிடும் சார்.” எடை எப்படி ஓடி ஓடி செட்டாகும்? நாலாவது போனுக்குப் பிறகு எடுக்கவே இல்லை. நானே உள்ளூரில் நட்டுகளைக் கழற்றி ஜெனரேட்டரை ஒன்பது அங்குலம் முன்னால் தள்ளிப் புது ஓட்டை போட்டு இறுக்கினேன். 950 கிலோ, ஒன்பது அங்குலம், எட்டு அடிக்கு 96 அங்குலம். பெருக்கி வகுத்தால் 89 கிலோ முன்னால் வர வேண்டும். தராசில் வைத்தேன், 130 காட்டியது. பள்ளிக்கூடத்தில் தப்பாகவே போட்ட கணக்கு ஐம்பது வயசில் சரியாக வந்தது. இதற்கு மேலும் முன்னால் தள்ளக் கூடாது. பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போகும், ஹெட்லைட் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். கேபிள் சுருள் இப்போது பிக்கப் தொட்டியில்தான் வருகிறது. அதற்கப்புறம் அதே ரோட்டில், அதே மாதிரி லாரிகளுக்கு எதிரே, வால் ஒரு தடவைகூட ஆடவில்லை. ஐம்பத்தைந்தைத் தாண்டுவதையும் விட்டுவிட்டேன், அது வேறு.

ஓவர்ரன் பிரேக்கைப் பாராட்டியே ஆக வேண்டும். வயர் இல்லை, காற்று இல்லை. பிக்கப் வேகம் குறைந்தால் ட்ரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கொக்கிக்குப் பின்னால் இருக்கிற தண்டை உள்ளே அழுத்தும், தண்டு கேபிளை இழுக்கும், டிரம்முக்குள் பிரேக் ஷூ பிடிக்கும். எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவு பிடி. ஆனால் இறக்கம் நெடுக எஞ்சின் பிடியில் இறங்கும்போது ட்ரெய்லர் சும்மா தள்ளிக்கொண்டே இருக்கும், ஷூவும் லேசாக உரசிக்கொண்டே இருக்கும். அதனால் கழுதுருட்டியில் பதின்மூன்று கண் பாலம் தெரிகிற இடத்தில் டீக்கு நிறுத்தும்போது, டிரம் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். சுர்ரென்றால் இரண்டாவது டீ. சக்கரக் குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் சுட்டால் அந்தப் பக்கம் பேரிங்கில் கிரீஸ் இல்லை, இல்லை பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பிரேக்கில் ஒரு வம்பு உண்டு. ரிவர்ஸ் எடுத்தாலும் அதற்குத் தள்ளல்தான், பிடித்துக்கொள்ளும். தானாக விடுகிற ரகம் விலை கூட. என்னுடையதில் ஒரு இரும்புப் பின்னைச் செருகித் தண்டைப் பூட்ட வேண்டும், பிரேக் பிடிக்காது. புனலூர்ப் பக்கம் ஒரு அம்பல மைதானம், மேட்டில் ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருந்தது. கமிட்டிச் சேட்டன் ஒருவர் “வரட்டே, வரட்டே” என்று கை காட்ட, பின்னைச் செருகி ஏற்றி நிறுத்தினேன். மறுநாள் எடுக்க மறந்தேன். எல்லையில் இருக்கிற கோட்டவாசல் தாண்டி நம் பக்கம் இறங்கும் முதல் வளைவில் முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு உந்தல். எதிரே எம்-சாண்ட் ஏற்றப் போய்த் திரும்பும் லாரிகள் வரிசை கட்டி உறுமுகின்றன. முதல் கியருக்கு வந்து ஓரம் கட்டிப் பார்த்தால் அந்த இரும்புப் பின் தண்டிலேயே சிரித்துக்கொண்டு நிற்கிறது. இப்போது அந்தப் பின்னுக்கு இடம் உள் கண்ணாடியில், ஐயப்பன் டாலர் பக்கத்தில். கண்ணாடியில் பின் தொங்கவில்லை என்றால் அது ட்ரெய்லரில் இருக்கிறது. அதற்குப் பிறகு மறக்கவில்லை.

பந்து, அதாவது ட்ரெய்லர் கொக்கி வந்து உட்காருகிற பிக்கப்பின் இரும்பு உருண்டை, பட்டறைமேல் என் இரண்டாவது வழக்கு. கொக்கியில் 50 என்று பொறித்திருக்கிறது, அவர்கள் பிக்கப்பில் மாட்டிய பந்து இரண்டு அங்குலம். அதாவது 50.8 மில்லிமீட்டர். ஒரு நூல்கூட இல்லாத வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கைப்பிடி முழுசாக மூடாது. பையன் தினமும் சுத்தியலால் தட்டி மூடிக்கொண்டிருந்தான், புதுசு, போகப் போகச் சரியாகும் என்று. லேத் பட்டறையில் வெர்னியர் வைத்துப் பார்த்த அன்றே பந்தை மாற்றினேன். இப்போது மாட்டியதும் ஜாக்கி வீலைச் சுற்றிக் கொக்கியை மேலே தூக்கிப் பார்ப்போம். பிக்கப்பின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் மாட்டியிருக்கிறது. அப்புறம் இரண்டு சங்கிலியையும் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போடுவோம். ஒருவேளை கழன்றாலும் கொக்கி ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

மற்ற குறைகள் சின்னவை. சாரல் காலத்தில் ட்ரெய்லர் லைட்டுக்கான ஏழு முள் சாக்கெட்டில் ஈரம் இறங்கி இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் எரிகிறது, ரப்பர் மூடி போட்டதும் சரியானது. மட்கார்டு தகரம் மெலிசு. வெல்டிங் மட்டும் முதல் தரம், இரண்டு மழைக்காலம் கடந்தும் ஒரு தையலில் விரிசல் இல்லை.

அச்சன்கோவிலுக்கு மேக்கரை வழியாக இதைக் கொண்டுபோகச் சொன்னால் நான் வர மாட்டேன். அந்தக் காட்டு ரோட்டில் எதிரே ஒரு பஸ் வந்தால் ட்ரெய்லரோடு ரிவர்ஸ் எடுப்பது பெரும்பாடு. வளைவில் ட்ரெய்லர் சக்கரம் பிக்கப் போன தடத்தில் வராது, உள்பக்கம் அறுத்துக்கொண்டுதான் வரும். அங்கே உள்பக்கம் ஓடை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒன்றரையைப் பந்துக்கும் போன் எடுக்காததற்கும் பிடித்துக்கொண்டேன். பத்தனாபுரம் கமிட்டி அடுத்த வருஷம் பெரிய ஜெனரேட்டர் கேட்கிறது, ரெட்டை அச்சு செய்ய வேண்டும். அந்த வெல்டிங்குக்காக அதே பட்டறைக்குத்தான் போகப் போகிறேன். மண்டித் தராசையும் வெர்னியரையும் வண்டியில் போட்டுக்கொண்டு. பெரியப்பாவும் வருகிறேன் என்கிறார்.