ரேஞ்ச்ஃபைண்டரோடு ஆறு வறண்ட பருவங்கள்: சவானாவில் விலங்கு எண்ணிய அனுபவம்

ஆப்பிரிக்க சவானா புல்வெளியில் இம்பாலா மான், வரிக்குதிரை, எருமை, யானை எல்லாவற்றையும் ஆறு வறண்ட பருவங்களாக ஒரே முறையில்தான் எண்ணி வருகிறேன்: லைன் ட்ரான்செக்ட். குறித்து வைத்த நேர்கோட்டில் நடக்க வேண்டும். கண்ணில் படும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் லேசர் ரேஞ்ச்ஃபைண்டரில் தூரம், காம்பஸில் கோணம், அப்புறம் தலை எண்ணிக்கை. இரவில் எல்லாம் 'டிஸ்டன்ஸ்' மென்பொருளுக்குள் போகும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்ததே, பார்க்கத் தவறிய விலங்குகளையும் இது கணக்கில் சேர்ப்பதுதான். கோட்டிலிருந்து விலக விலக விலங்கு கண்ணில் படுவது குறையும். எந்த அளவுக்குக் குறைகிறது என்பதை நாம் எடுத்த தூரங்களை வைத்தே மென்பொருள் கண்டுபிடிக்கிறது. 100 கிலோமீட்டர் நடந்து, பக்கத்துக்கு 100 மீட்டர் பயனுள்ள அகலம் (தவறவிட்டதையும் கணக்கில் சேர்த்தால், ஒன்றுவிடாமல் பார்த்ததற்குச் சமமான அகலம்) என்று வந்தால், பார்த்த பரப்பு 20 சதுர கிலோமீட்டர். அதில் 80 கூட்டம், கூட்டத்துக்குச் சராசரி 6 இம்பாலா என்றால் சதுர கிலோமீட்டருக்கு 24.

ஆனால் கோட்டின் மேலேயே நிற்கும் விலங்கு எதுவும் நம் கண்ணுக்குத் தப்பக் கூடாது. அதோடு, விலங்கு நம்மைக் கண்டு நகர்வதற்கு முன் நின்ற இடத்தைத்தான் அளக்க வேண்டும். இம்பாலா அதற்கு நேரம் தராது. ஒன்று சீறினால் மொத்தக் கூட்டமும் பாய்ந்துவிடும். அதனால் பார்த்த நொடியில் அது நின்ற புதரை மனதில் குறித்துக்கொண்டு, கூட்டம் ஓடிய பிறகு அந்தப் புதரையே அளக்கிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. உயரமான புல்லுக்குப் பின்னால் வரிக்குதிரை நின்றால், லேசர் முன்னால் இருக்கும் புல்லில் பட்டுத் திரும்பிவிடும். 90 மீட்டரில் நிற்பதற்கு 34 என்று காட்டியிருக்கிறது. இப்போது மூன்று முறை அடிக்கிறேன். சந்தேகம் வந்தால் பக்கத்து மரத்தின் அடிப்பகுதியில் ஒரு முறை.

தூரத்தைவிடக் கோணம்தான் என்னை அதிகம் ஏமாற்றியது. 120 மீட்டரில், கோட்டிலிருந்து 30 டிகிரியில் நின்றால் கோட்டுக்கும் அதற்கும் இடையிலான செங்குத்துத் தூரம் 60 மீட்டர்; மென்பொருளுக்கு வேண்டியது இதுதான். அதே விலங்கை 20 டிகிரி என்று படித்தால் 41 மீட்டராகிவிடும். முதல் பருவத்தில் கோட்டுக்கு அருகில் நின்றதையெல்லாம் சோம்பலில் 0 டிகிரி என்றே எழுதிவிட்டோம். எந்தத் தூரத்தில் எத்தனை பார்த்தோம் என்று காட்டும் பட்டை வரைபடத்தில் முதல் பட்டை மட்டும் கோபுரமாக எழுந்து நின்றது. அடர்த்தி உண்மையைவிட அதிகமாக வந்தது. அந்தப் பருவத்தின் எண்களை நான் இன்று எங்கும் பயன்படுத்துவதில்லை.

ஓர் இனத்துக்குக் குறைந்தது 60 முதல் 80 காட்சிகள் வேண்டும். கோடுகளும் பத்து, இருபதாவது இருந்தால்தான் பிழை வரம்பு அடங்கும். வண்டிச் சாலையைக் கோடாக வைத்துக்கொள்வதை நான் விட்டுவிட்டேன். சில விலங்குகள் சாலையைத் தவிர்க்கும், சில அதன் ஓரத்தையே தேடி வரும்.

சரி, உயிர்த்திரள், அதாவது ஒரு சதுர கிலோமீட்டரில் இருக்கும் விலங்குகளின் மொத்த எடை. அடர்த்தியை எடையால் பெருக்கினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். எந்த எடை? வளர்ந்த ஆண் இம்பாலா 60 கிலோ வரும். குட்டிகளும் பெண்களும் சேர்ந்த கூட்டத்தின் சராசரிக்கு 40 கிலோதான் பொருந்தும். 60 போட்டால் கணக்கு ஒன்றரை மடங்காகிவிடும். மேலே சொன்ன 24 இம்பாலாவுக்கு 40 வீதம் 960 கிலோ. சதுர கிலோமீட்டருக்கு ஒரே ஒரு யானை இருந்தாலும், அதற்குச் சராசரியாக 1,725 கிலோ போடுவார்கள். அதாவது, மொத்த உயிர்த்திரளும் யானை எண்ணிக்கையைப் பிடித்துத் தொங்குகிறது. நடந்து போகும்போது யானை குறைவாகவே கண்ணில் படும், பட்டாலும் பெரும் கூட்டமாகப் படும். அதனால் பிழை வரம்பு மிக அகலம்.

யானையை வானிலிருந்து எண்ணுவதே மேல் என்ற முடிவுக்கு நான் வந்தது இப்படித்தான். 2014-15ல் 18 நாடுகளில் விமானத்திலிருந்து நடந்த யானைக் கணக்கெடுப்பு சுமார் 3.5 லட்சம் சவானா யானைகள் என்று மதிப்பிட்டது. இம்பாலா போன்ற சிறியவை விமானத்திலிருந்து மர நிழலில் தப்பிவிடும், அவற்றுக்கு நடைதான். ஆகவே நான் இப்போது மொத்த உயிர்த்திரளை ஒரே எண்ணாகக் கொடுப்பதில்லை. யானையோடு ஒன்று, யானை இல்லாமல் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனிப் பிழை வரம்பு.